அமைதி அறிக்கையில் சாலையின் பெயர் இருக்கிறதா? சூடான் போர்: கேள்வி பதில்

சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று இரண்டு படைகளுக்கிடையே சண்டை வெடித்தது. ஒரு பக்கம் ஜெனரல் அல்-புர்ஹான் தலைமையிலான ராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அறியப்படும் முகமது ஹம்தான் தகலோவின் ஆர்.எஸ்.எஃப் துணைப்படை. உலக நாடுகளின் அமைதி அழைப்புகள் பற்றியும், பசித்தவர்களுக்கு உணவு போகும் வழி பற்றியும் வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி (இதழியல் மாணவி, கோவை): போர்நிறுத்தம், சண்டை ஓய்வு, மனிதாபிமான இடைநிறுத்தம் என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே ஐயா?

இல்லை அம்மா. இடைநிறுத்தம் என்பது இந்த இடத்தில், இத்தனை மணி நேரம், இந்த வேலைக்காக மட்டும் சுடாமல் இருப்பது. லாரி போகும், காயம்பட்டவர்கள் வெளியே வருவார்கள், பிறகு துப்பாக்கி மறுபடி பேசும். சண்டை ஓய்வு அதைவிட அகலமானது. ஆனால் பெரும்பாலும் வாய்வார்த்தை. யார் எங்கே நிற்பது என்ற வரைபடம் அதில் இராது. போர்நிறுத்த ஒப்பந்தம் என்றால் கையெழுத்து, படைகள் நிற்கும் எல்லைக்கோடு, கண்காணிக்க ஆள், மீறினால் யாரிடம் புகார் என்பது வரை இருக்க வேண்டும்.

செய்தி எழுதும்போது நான்கைப் பாருங்கள்: எந்த இடம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, யார் கண்காணிப்பது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதா. ஒரு தரப்பு மட்டும் அறிவித்ததைப் ‘போர்நிறுத்தம்’ என்று தலைப்பில் போடாதீர்கள். அதை நம்பித் தெருவில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட்டும் ஏன் ஒன்றும் நடப்பதில்லை?

தீர்மானத்தின் வினைச்சொல்லைப் படியுங்கள். ‘அழைப்பு விடுக்கிறது’ என்றால் கேட்டுக்கொள்கிறார்கள். ‘வலியுறுத்துகிறது’ என்றாலும் ஏறக்குறைய அதேதான். ‘கோருகிறது’ என்பதுதான் கண்டிப்பு. ஒரே சொல்லை மாற்ற நாள்கணக்கில் பேரம் நடக்கும்.

2024 மார்ச் 8 அன்று வந்த 2724ஆம் தீர்மானம் ரமலான் மாதத்தில் சண்டையை நிறுத்த ‘அழைப்பு’ விடுத்தது. 14 நாடுகள் ஆதரவு; ரஷ்யா வாக்களிக்கவில்லை. ரமலான் பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. எந்தச் சாலையைத் திறப்பது, யார் கண்காணிப்பது என்று இரு தரப்பிடமும் பேசி முடிக்க அந்த மூன்று நாள் எப்படிப் போதும்? நோன்பு தொடங்கியதுமே, மார்ச் 12 அன்று, தலைநகர் கார்டூமை ஒட்டிய ஓம்துர்மானின் வானொலி தொலைக்காட்சி நிலையத்தை ராணுவம் சண்டையிட்டு மீட்டது.

அதே ஆண்டு ஜூன் 13 அன்று 2736ஆம் தீர்மானம் வந்தது. மேற்குச் சூடானின் டார்ஃபர் பகுதியில் உள்ள எல் ஃபாஷர் நகர முற்றுகையை ஆர்.எஸ்.எஃப் நிறுத்த வேண்டும் என்று அது ‘கோரியது’. நகரின் பெயர், தரப்பின் பெயர், கடுமையான வினைச்சொல், மூன்றும் இருந்தன. மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லை. முற்றுகை தொடர்ந்தது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் ஆர்.எஸ்.எஃப் கையில் விழுந்தது. பெரும் படுகொலைகள் நடந்தன. இடையில் 2024 நவம்பர் 18 அன்று பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்த வரைவுக்கு 14 நாடுகள் கை தூக்கின, ரஷ்யா வீட்டோ போட்டது.

தீர்மானத்துக்குக் கீழே இன்னும் இரண்டு படிகள் உண்டு. தலைவர் அறிக்கை கவுன்சிலின் பதிவேட்டில் ஏறும். பத்திரிகை அறிக்கை அதில் கூட ஏறாது. ‘ஐ.நா. கண்டனம்’ என்று பார்த்தால் முதலில் இது எந்தப் படி என்று கேளுங்கள்.

கேள்வி (குமரி மாவட்டம்): 2023ல் ‘ஆபரேஷன் காவேரி’யில் என் மச்சான் சூடானிலிருந்து ஊர் திரும்பினார். வெளிநாட்டுக்காரர்களைக் காப்பாற்ற முடிந்ததே, உள்ளூர் சனங்களுக்குச் சோறு அனுப்ப ஏன் முடியவில்லை?

நியாயமான கேள்வி. வெளியேற்றத்துக்குத் தேவைப்பட்டது போர்ட் சூடான் துறைமுகம் வரை ஒரு சாலையும் சில நாள் அவகாசமும். ஏப்ரல் 24 நள்ளிரவு தொடங்கிய 72 மணி நேர ஓய்வில், சத்தம் முழுதாக அடங்காவிட்டாலும், பேருந்துகள் நகர்ந்தன. ஐ.என்.எஸ் சுமேதா கப்பல் முதல் தவணையாக 278 பேரை சவூதியின் ஜெட்டாவுக்கு ஏற்றிச் சென்றது. வெளிநாட்டவர் வெளியேறுவதால் எந்தத் தரப்புக்கும் நஷ்டமில்லை. பல தலைநகரங்களில் நல்ல பெயர் வேறு கிடைக்கும்.

உணவு அப்படியல்ல. ஒரு முறை போனால் போதாது, மாதாமாதம் போக வேண்டும். முற்றுகையிட்டவனின் கண்ணில், உள்ளே போகும் ஒவ்வொரு மூட்டையும் எதிரியின் காவல் அரணுக்குப் போகும் மூட்டை. பசியே ஆயுதமாக இருக்கும் இடத்தில் சோற்றை அனுமதிப்பது ஆயுதத்தைக் கீழே வைப்பதற்குச் சமம். அதனால்தான் மறுக்கிறார்கள். பசியை ஆயுதமாக்குவதைக் கண்டித்து 2018லேயே பாதுகாப்பு கவுன்சில் 2417ஆம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

கேள்வி (வழக்கறிஞர், சென்னை): ஜெட்டா ஒப்பந்தம் எங்கே உடைந்தது?

சவூதியும் அமெரிக்காவும் நடுவில் நின்று 2023 மே 11 அன்று பொதுமக்களைக் காப்போம் என்ற உறுதிமொழியில் இரு தரப்பையும் கையெழுத்திட வைத்தன. மே 20 அன்று ஏழு நாள் போர்நிறுத்தம் கையெழுத்தானது. 22ஆம் தேதி இரவு 9.45க்கு அது தொடங்கியது. பிறகு ஐந்து நாள் நீட்டினார்கள். கண்காணிப்புக் குழுவில் இரு படைகளிலிருந்தும் மும்மூன்று பேர், நடுவர் நாடுகளிலிருந்து மும்மூன்று பேர்.

பிழை அந்தக் குழுவிலேயே இருந்தது. அவர்கள் உட்கார்ந்தது ஜெட்டாவில். கார்டூம் தெருவில் யார் முதலில் சுட்டார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க ஆள் இல்லை. மருத்துவமனைகளையும் வீடுகளையும் விட்டு ஆர்.எஸ்.எஃப் வெளியேறவில்லை என்பது ராணுவத்தின் குறை. ராணுவ விமானங்கள் குண்டு போடுகின்றன என்பது எதிர்த்தரப்பின் குறை. எந்த வீட்டிலிருந்து எந்தத் தேதிக்குள் வெளியேறுவது என்ற பட்டியல் இல்லை. மே 31 அன்று ராணுவம் பேச்சிலிருந்து விலகியது. மறுநாள் நடுவர்களும் நிறுத்திவைத்தார்கள்.

கேள்வி (புவியியல் ஆசிரியர், தஞ்சை): அட்ரே கடவை என்று அடிக்கடி படிக்கிறேன். அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அட்ரே சாட் நாட்டின் எல்லை ஊர். அங்கிருந்து மேற்கு டார்ஃபரின் தலைநகர் எல் ஜெனினா கூப்பிடு தூரம். போர்ட் சூடானிலிருந்து வருவதானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், போர்முனைகளைத் தாண்டி.

சிக்கல் இதுதான். அட்ரேக்கு எதிரே சூடான் பக்கத்தை வைத்திருப்பது ஆர்.எஸ்.எஃப். ஆனால் ஐ.நா. அங்கீகரித்திருப்பது போர்ட் சூடானிலிருந்து இயங்கிய ராணுவ அரசை. 1991ல் பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானத்தின்படி, உதவிக்கு அந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும். ஆகவே தன் கையில் இல்லாத வாசலுக்குச் சாவி அந்த அரசிடம். அந்த வழியாக ஆயுதம் வருகிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் மூடியது. வடக்கே டினே கடவையைக் காட்டியது. மழை தொடங்கினால் டினே பாதையில் லாரி ஓடாது.

ஆகஸ்ட் 15 அன்று அட்ரேயை மூன்று மாதத்துக்குத் திறந்தார்கள்; பிறகு தவணை தவணையாக நீட்டினார்கள். திறந்த மாதத்தைக் கவனியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். காய்ந்து கிடக்கும் வாடி என்ற ஓடைகள் ஒரே இரவில் ஆறாகும். அந்த மழையில் எல் ஜெனினாவையும் ஜாலிங்கேயையும் இணைக்கும் மோர்னே பாலம் இடிந்தது. கடவை திறந்தும் லாரிகள் சேற்றில் நின்றன. பிப்ரவரியில் மூடி ஆகஸ்டில் திறப்பது வேலை செய்யக்கூடிய மாதங்களைத் தின்றுவிடுவது.

சிரியாவில் 2014ல் கவுன்சில் 2165ஆம் தீர்மானம் போட்டு, அரசின் ஒப்புதல் இல்லாமலே நான்கு கடவைகளைத் திறந்தது. டமாஸ்கஸுக்குத் தகவல் சொன்னால் போதும், லாரிகளை எல்லையில் ஐ.நா. கண்காணிப்பாளர்கள் சோதிப்பார்கள். 2020ல் அது ஒரே கடவையாகச் சுருங்கி, 2023 ஜூலையில் ரஷ்ய வீட்டோவில் முடிந்தது. சூடானுக்கு அப்படி ஒரு தீர்மானம் இதுவரை வரவில்லை. வீட்டோ அச்சம்தான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

கேள்வி (லாரி உரிமையாளர், நாமக்கல்): ஒரு கான்வாய் கிளம்பிப் போய்ச் சேரும் வரை என்னென்ன வேலை? நம்ம தொழில் கண்ணோடு கேட்கிறேன்.

உங்களுக்குப் புரியும்படி வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் காகிதம். ராணுவப் பக்கத்தில் ஹெச்.ஏ.சி என்ற அரசு நிவாரண ஆணையத்தின் பயண அனுமதி, ராணுவ உளவுப் பிரிவின் சம்மதம், சரக்குக்குச் சுங்க விலக்கு, வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு விசா. ஆர்.எஸ்.எஃப் பகுதிக்குள் நுழைந்தால் அவர்கள் தொடங்கிய சார்ஹோ என்ற அமைப்பின் அனுமதி தனி. ஒருவர் கொடுத்த காகிதம் அடுத்தவரிடம் செல்லாது. சில நேரம் அதுவே குற்றமாகவும் பார்க்கப்படும். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. கடைசிக் கையெழுத்து வருவதற்குள் முதல் கையெழுத்தின் தேதி முடிந்துபோவது அடிக்கடி நடப்பது.

அடுத்தது அறிவிப்பு. வண்டி எண்கள், ஓட்டுநர் பெயர்கள், சரக்குப் பட்டியல், கிளம்பும் நேரம், இரவு நிறுத்தங்கள், ஒவ்வொரு நிறுத்தத்தின் ஜி.பி.எஸ் புள்ளி எல்லாம் முன்கூட்டியே இரு தரப்புக்கும் போக வேண்டும். நோக்கம், தெரியாமல் அடித்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்வது. இதில் பழுது வரும் இடம் தலைமையகத்துக்கும் சோதனைச்சாவடிக்கும் நடுவே. மேலே வந்த தகவல் கீழே துப்பாக்கியோடு நிற்கும் பையனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை, சாவடிப் பொறுப்பாளனிடம் தொலைபேசியில் பேசி உறுதி செய்த பிறகே வண்டி நகர வேண்டும்.

மூன்றாவது சாலை. முன்னால் ஒரு வண்டி போய்க் கண்ணிவெடி, பாலம், டீசல் கிடைக்கும் இடம் பார்த்து வரும். லாரிகள் உள்ளூர் ஒப்பந்தக்காரர்களுடையவை. ஓட்டுநர் எந்தச் சமூகத்தவர் என்பதுகூட அங்கே உயிர்ப் பிரச்சினை. ஓட்டுநர் மாற்றம் நடக்கும் ஊரையும் திட்டத்தில் எழுதியாக வேண்டும்.

இவ்வளவும் செய்தும் நடந்ததைக் கேளுங்கள். 2025 ஜூனில் உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் அனுப்பிய 15 லாரிகள் போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, எல் ஃபாஷருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அல் கோமாவில் அனுமதிக்காகக் காத்து நின்றன. பாதை முன்பே இரு தரப்புக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஜூன் 2 இரவு தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்டின. ஓடும் லாரியைவிட நிற்கும் லாரிக்கு ஆபத்து அதிகம். கடைசி அனுமதி கையில் இல்லாமல் கடைசி நிறுத்தம் வரை போவதுதான் இந்தத் தொழிலின் கொடிய கட்டாயம்.

கேள்வி (அரிசி மண்டி, திருவாரூர்): ஒரு லட்சம் பேருக்கு எத்தனை லாரி வேண்டும்?

கணக்கு எளிது. ஒருவருக்கு நாளைக்கு 2,100 கலோரி என்பது அளவுகோல். சோளம் 450 கிராம், பருப்பு 60, எண்ணெய் 30, உப்பு 5 என்று வைத்தால் ஏறக்குறைய அதைத் தொடும். மொத்தம் 545 கிராம். மாதத்துக்கு ஒருவருக்கு 16.35 கிலோ. ஒரு லட்சம் பேருக்கு 1,635 டன். லாரிக்கு 30 டன் என்றால் 55 லாரி, மாதாமாதம். ‘15 லாரி போய்ச் சேர்ந்தது’ என்ற செய்தியை இந்தக் கணக்கோடு படியுங்கள்.

தானியம் மட்டும் அனுப்பினால் அரைக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், விறகு வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைவான பிள்ளைகளுக்கு அது உதவாது. அவர்களுக்கு நிலக்கடலை விழுதுப் பொட்டலம்: 92 கிராம், 500 கலோரி, சமைக்க வேண்டாம். 150 பொட்டலம் கொண்ட ஒரு பெட்டி ஒரு பிள்ளையை ஆறு முதல் எட்டு வாரத்தில் தேற்றிவிடும். வேறு நோய்ச் சிக்கலும் சேர்ந்த பிள்ளைக்கு அதையும் முதலில் கொடுக்கக் கூடாது. எஃப்-75 என்ற நீர்த்த பாலில் தொடங்க வேண்டும். நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகச் சத்து ஏறினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும்.

கேள்வி: விமானத்திலிருந்து போட்டுவிடலாமே?

சாலை வழியைவிட ஏழு மடங்கு வரை செலவு. பெரிய இல்யூஷின்-76 விமானமே ஒரு நடைக்குச் சுமார் 30 டன்தான் போடும், அதாவது ஒரு லாரி. கீழே ஆளில்லாத் திடலும் மூட்டையைப் பொறுக்கிப் பங்கிட அமைப்பும் வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, வன்னியில் 2009ல் பாதுகாப்பு வலயம் எண்டு சொல்லித்தான் சனத்தைக் கூப்பிட்டவை. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அந்த வலயத்தை 2009 ஜனவரியில் ஒரு தரப்பு மட்டுமே அறிவித்தது. இரு தரப்பும் ஒப்பி, உள்ளே ஆயுதம் இல்லாமல், வெளியார் ஒருவர் கண்காணித்தால்தான் அது பாதுகாப்பு வலயம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் சனத்தைக் குவித்தது என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்களை வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு சொன்னது. பார்க்க ஆள் இல்லாமல் போனது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் மட்டும் கடற்கரைக்கு வந்து காயக்காரரை ஏற்றிப் போனது.

மேலே சொன்ன படிகளை நினைத்துப் பாருங்கள். இலங்கை விவகாரம் பாதுகாப்பு கவுன்சிலின் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏறவே இல்லை. மே 13 அன்று வந்தது பத்திரிகை அறிக்கை, எல்லாவற்றிலும் கீழ்ப்படி. போர் முடிந்தது மே 18. ஐ.நா. தன் தோல்வியைத் தானே ஆராய்ந்த அறிக்கை 2012 நவம்பரில் வந்தது. எல் ஃபாஷருக்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன. தெரியாமல் நடந்தது என்று அங்கேயும் யாரும் சொல்ல முடியாது.

கேள்வி (ஓய்வுபெற்ற பேராசிரியர், புதுச்சேரி): சூடானில் எந்தப் போர்நிறுத்தமாவது நிலைத்ததுண்டா?

உண்டு ஐயா, அதை நினைவூட்டியே ஆக வேண்டும். 1995ல், தெற்கோடு நடந்த உள்நாட்டுப் போரின்போது, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கவென்று பேசி ஒரு நிறுத்தம் வாங்கினார். ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. தண்ணீர் வடிகட்டும் துணியும் தடுப்பூசியும் கிராமங்களுக்குப் போயின. நோயை ஒழிப்பதில் யாருக்கும் தோல்வி இல்லை என்பதால் கையெழுத்து எளிதானது.

இன்னும் நல்ல உதாரணம் நூபா மலைகள். 2002 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பூர்கன்ஸ்டாக்கில் கையெழுத்தானது. ஒரு மலைப் பகுதிக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு, நீட்டிக்கும் வசதியோடு. ஒவ்வொரு கண்காணிப்புக் குழுவிலும் அரசுத் தரப்பாள், கிளர்ச்சித் தரப்பாள், வெளிநாட்டவர் மூவரும் ஆயுதமின்றி ஒன்றாகப் போவார்கள். புகார் வந்த கிராமத்துக்குச் சேர்ந்தே போய், சேர்ந்தே பார்த்து, அங்கேயே தீர்ப்பார்கள். 2005 அமைதி ஒப்பந்தம் வரை தாங்கியது. ஜெட்டாவில் உட்கார்ந்த குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான்கு நாடுகளின் திட்டம் என்ன ஆயிற்று?

2025 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கா, சவூதி, எமிரேட்ஸ், எகிப்து நான்கும் மூன்று மாத மனிதாபிமான ஓய்வு, பிறகு நிரந்தர நிறுத்தம், ஒன்பது மாத மாற்றக் காலம் என்று முன்வைத்தன. எல் ஃபாஷரைப் பிடித்த பிறகு, நவம்பரில், ஆர்.எஸ்.எஃப் ‘சம்மதம்’ என்றது. புர்ஹான் மறுத்தார், எமிரேட்ஸ் இருக்கும் குழு நடுநிலையானதல்ல என்பது அவர் வாதம். எமிரேட்ஸ் ஆர்.எஸ்.எஃப்புக்கு ஆயுதம் தருகிறது என்ற குற்றச்சாட்டை ஐ.நா. நிபுணர் குழு நம்பத்தக்கது என்றது, எமிரேட்ஸ் மறுக்கிறது. அதற்கு முன், அதே ஆண்டு ஜூனில், இது தலைகீழ். எல் ஃபாஷரில் ஒரு வார ஓய்வுக்கு ஐ.நா. பொதுச் செயலர் கேட்டபோது புர்ஹான் ஒப்பினார், முற்றுகையிட்டிருந்த ஆர்.எஸ்.எஃப் ஒப்பவில்லை. களத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சம்மதம் இடம் மாறுகிறது.

கேள்வி (சமூக சேவைக் குழு, ஈரோடு): லாரியே போகாத ஊர்களில் மக்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்?

‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் நடத்திய தக்காயா என்ற பொதுச் சமையலறைகளில். ஒரு பெரிய அண்டா, விறகு, தண்ணீர், சோளமாவு, பருப்பு. நாளைக்கு ஒரு வேளை. பொருள் உள்ளூர்ச் சந்தையில் வாங்கியது, பணம் வெளியிலிருந்து பாங்கக் என்ற வங்கிச் செயலியில் வந்தது. இதில் மூன்று சிக்கல்கள். இணையம் அறுந்தால் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து நிற்க வேண்டும். செயலியில் உள்ள தொகையை ரொக்கமாக்கத் தரகர் கழிவு எடுப்பார். முற்றுகை இறுக இறுகக் கழிவும் ஏறும். பணம் இருந்தும் சந்தையில் சரக்கு இல்லாத நாள் வரும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது இந்தச் சமையலறைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் மூடின.

எல் ஃபாஷரில் கடைசி மாதங்களில் அண்டாவில் வெந்தது அம்பாஸ். நிலக்கடலையை எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் சக்கை, நாம் மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்குதான். பிறகு அதுவும் சந்தையில் தீர்ந்தது.